முதல் கார் வாங்குபவர்களுக்கு: கொட்டேஷன் முதல் சாவி வரை எங்கெங்கே ஏமாற்றுகிறார்கள்

2025 மே முதல் வாரம் மதுரையில் ஒரு ஷோரூமுக்குள் நுழைந்தேன். ஜூன் கடைசியில்தான் சாவி கைக்கு வந்தது. நடுவில் இருந்த ஏழு வாரத்தில் பாதிக்கு மேல் வாக்குவாதத்திலேயே போனது. எட்டு மாதம் வெயிலில் நின்ற வண்டியைப் புதுசு என்று என் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஒன்றுமில்லாத கட்டணங்களைப் பெயர் வைத்து வசூலிக்கப் பார்த்தார்கள். எல்லா ஷோரூமும் இப்படி இல்லை. நேர்மையாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் போகும் இடம் எப்படிப்பட்டது என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியும், அதுதான் பிரச்சினை.

நான் பட்டது மற்றவர்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே இருப்பதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: மீதிப் பணம் உங்களிடம் இருக்கும் வரை, வண்டி உங்கள் பெயரில் பதிவாகாத வரை, நீங்கள் கேட்பதற்குப் பதில் கிடைக்கும். அதற்கப்புறம் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். அதனால் எதை எப்போது செய்வது என்கிற வரிசை முக்கியம்.

1. ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டில் கணக்குப் போடுங்கள்

வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கும். உங்கள் ஊரைத் தேர்வு செய்து, வேண்டிய மாடலின் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி தெரிய வேண்டும்.

அடுத்தது லைஃப் டாக்ஸ், அதாவது வண்டிக்கு ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். இந்த 10 லட்சம் என்கிற எல்லையை நன்றாகக் கவனியுங்கள். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி சுமார் 1,29,000. 10,05,000 ரூபாய் வண்டிக்கு சுமார் 1,81,000. விலையில் பத்தாயிரம்தான் வித்தியாசம், வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல். "இன்னும் கொஞ்சம் போட்டா டாப் மாடலே வந்துரும் மேடம்" என்று சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் சொல்லும்போது இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

10 லட்சத்தைத் தாண்டினால் இன்னொன்றும் உண்டு. டிசிஎஸ் என்று, விற்பவரே வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் 1 சதவீதம் பிடிப்பார்கள். இது முறையான பிடித்தம்தான். உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். பலர் இதையும் ஒரு செலவு என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். தாக்கல் செய்வதற்கு முன், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கும், அதே நீளத்தில் 1500 சிசிக்குள் இருக்கும் டீசல் கார்களுக்கும் வரி 18 சதவீதம். பெரிய பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 40 சதவீதம். முன்பு இருந்த செஸ் என்கிற கூடுதல் வரி இப்போது இல்லை. வரி குறைந்ததால் இறங்கிய விலையை, தாங்கள் தரும் தள்ளுபடி போலப் பேசினால் நம்பாதீர்கள். பில்லில் எத்தனை சதவீதம் என்று அச்சாகியிருக்கும்.

2. கொட்டேஷனை வரிவரியாக, அச்சடித்த தாளில் வாங்குங்கள்

எனக்கு முதலில் கிடைத்தது விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிய ஒரே ஒரு எண்: 9.46. "எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு, மேடம்." அப்பா கூட வந்திருந்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பையன் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னான். வரிவரியாக வேண்டும் என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் அச்சடித்த தாள் வந்தது. அதில் இருந்தது இது:

எக்ஸ்-ஷோரூம் விலை 7,49,000. லைஃப் டாக்ஸ் 97,370. இன்சூரன்ஸ் 46,800. எக்ஸ்டெண்டட் வாரண்டி 16,500. அடிப்படை ஆக்சசரீஸ் 19,900. ஹேண்ட்லிங் 8,500. ஆர்டிஓ செலவு 7,500. ஃபாஸ்டேக் 600. மொத்தம் 9,46,170.

இந்த எட்டில் நான்கைத்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். இன்சூரன்ஸுக்குத் தனியாகவே எழுதுகிறேன், மற்ற மூன்றை இங்கே பார்ப்போம்.

ஹேண்ட்லிங்: சில இடத்தில் லாஜிஸ்டிக்ஸ் என்பார்கள், டெப்போ சார்ஜ் என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்த செலவு என்று விளக்கம் வரும். கம்பெனி அறிவிக்கும் விலையே உங்கள் ஊர் ஷோரூமில் நிற்கும் வண்டிக்கான விலை. பெயரே எக்ஸ்-ஷோரூம் என்பதுதானே. இந்தத் தொகை அரசுக்கும் போவதில்லை. "இதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இது எதற்கு என்று கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

ஆக்சசரீஸ்: மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர், கதவோரப் பட்டை, ஒரு பெர்ஃப்யூம். "இது எல்லா வண்டியிலயும் போட்டே வருது, எடுக்க முடியாது" என்பார்கள். ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்று கட்டாயப்படுத்துவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்பாடான வணிக முறை என்று வருகிறது. எனக்கு மிதியடி மட்டும் தேவைப்பட்டது. வெளியில் பாதி விலைக்குள் கிடைத்தது.

ஆர்டிஓ செலவு: லைஃப் டாக்ஸ் தனியாக எழுதிவிட்டார்கள், அப்புறம் இது என்ன? மத்திய மோட்டார் வாகன விதிப்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டு ஆர்.சி.க்கு (பதிவுச் சான்று) 200, கடனில் வாங்கினால் ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல் கடன் இருப்பதைப் பதிய 1,500. இதோடு தமிழ்நாட்டில் சாலைப் பாதுகாப்பு வரி என்று ஒரு சிறு தொகையும், சில்லறை சேவைக் கட்டணமும் வரும். அதற்கு மேல் எழுதியிருந்தால் ரசீது கேளுங்கள். அரசுக்குக் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. "ரசீதில் இருப்பதைத் தருகிறேன்" என்று சொன்னதும் என் கொட்டேஷனில் இந்தத் தொகை தானாகவே சுருங்கியது.

எக்ஸ்டெண்டட் வாரண்டியை நான் மறுக்கவில்லை, அது உபயோகமான விஷயம்தான். ஆனால் வாங்கும் அன்றே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எடுக்கலாம், தள்ளிப்போட்டால் விலை கூடும், அவ்வளவுதான்.

குறைந்தது இரண்டு ஷோரூமில், அதே மாடல், அதே நிறத்துக்குக் கொட்டேஷன் வாங்குங்கள். பக்கத்து ஊரானாலும் பரவாயில்லை. இரண்டாவது தாள் கையில் இருந்தால் பேச்சே மாறுகிறது.

3. புக்கிங் பணம்: யாருக்கு, எவ்வளவு, திரும்ப வருமா?

குறைந்தபட்சத் தொகை என்னவோ அதை மட்டும் கட்டுங்கள். "ஐம்பதாயிரம் கட்டுனா சீனியாரிட்டி முன்னால வரும்" என்பதை நான் நம்பி, கட்டவும் செய்தேன். வரவில்லை. அதிகம் கட்டினால் நம் கை கட்டப்படுகிறது என்பதுதான் நடக்கிறது.

பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். எக்ஸிகியூட்டிவின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "சர்வர் டவுன் மேடம், எனக்குப் போடுங்க, நான் கட்டிடுறேன்" என்றால் சர்வர் வரும்வரை காத்திருங்கள். அந்த ஆள் அடுத்த மாதம் வேறு ஷோரூமில் இருப்பார்.

புக்கிங் படிவத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: மாடலும் நிறமும், ஒத்துக்கொண்ட தள்ளுபடி ரூபாயில், உத்தேச டெலிவரி தேதி, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது. வாயால் சொன்ன தள்ளுபடிக்கு மதிப்பே கிடையாது. "மேனேஜர் அப்ரூவல் வரல" என்கிற ஒரே வரியில் அது காணாமல் போகும். நான் ஒரு வேலை செய்தேன். பேசி முடித்த அன்று சாயங்காலமே, பேசியதை எல்லாம் எக்ஸிகியூட்டிவுக்கு வாட்ஸப்பில் எழுதி, "சரியா? உறுதி செய்யவும்" என்று கேட்டேன். அவரும் யோசிக்காமல் "ஓகே மேடம்" என்று போட்டுவிட்டார். பின்னால் அந்த இரண்டு வார்த்தை எனக்கு மிகவும் உதவியது.

4. நாள், நட்சத்திரத்தைச் சொல்லிவிடாதீர்கள்

தனித் தலைப்பே கொடுத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. நாம் வண்டி எடுக்க நாள் பார்ப்போம். அப்பா ஆனி மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஷோரூமிலேயே சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்கு வந்த ஒவ்வொரு போனிலும் "ஆடி பொறந்துரும் மேடம்" என்பதுதான் பேச்சு. பாலிசி நகல் கேட்டால் ஆடி. வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் நம்பர் கேட்டால் ஆடி. அட்சய திருதியை, ஆயுத பூஜை சமயத்திலும் இதே கதைதான்.

நல்ல நாள் பாருங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் அந்தத் தேதியை டெலிவரிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பில், பதிவு, சோதனை எல்லாவற்றையும் அதற்குப் பத்து நாள் முன்பே முடிக்கும்படி திட்டமிடுங்கள். உங்களுக்கு ஆடி ஒரு பொருட்டில்லை என்றால் ஆடியில் போங்கள். கூட்டம் இருக்காது, பேரம் படியும்.

5. இன்சூரன்ஸ்: பெரிய பணம் போகும் இடம்

புதுக் காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு, கட்டாயம். 2018 செப்டம்பரிலிருந்து இப்படித்தான். சொந்த சேதத்துக்கான காப்பீட்டை 1 ஆண்டுக்கு எடுத்தால் போதும். 3 ஆண்டுக்கு எடுத்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பொய்.

மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த விகிதப்படி 1000 முதல் 1500 சிசி வரையுள்ள புதுக் காருக்கு 3 ஆண்டுக்கு 10,640 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி. இதில் யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. விளையாட்டு நடப்பது சொந்த சேதப் பகுதியில். அங்கே நிறுவனம் பெரிய தள்ளுபடி கொடுக்கலாம். ஷோரூம் வழியாக எடுத்தால் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு வருவதில்லை.

எனக்கு ஷோரூம் சொன்னது 46,800. அதே காப்பீட்டு மதிப்புக்கு, அதே ஜீரோ டெப்ரிசியேஷனுடன் (தேய்மானம் கழிக்காமல் க்ளெய்ம் தரும் வசதி) நேரடியாக எடுத்தபோது 30,900. ஒப்பிடும்போது காப்பீட்டு மதிப்பை, அதாவது வண்டி திருடு போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகையைப் பாருங்கள். புது வண்டிக்கு அது கம்பெனி விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும். என் வண்டிக்கு 7,11,550. சிலர் இதைக் குறைத்துப் போட்டுப் பிரீமியம் மலிவு என்று காட்டுவார்கள். வண்டி திருடு போனால்தான் வித்தியாசம் தெரியும்.

வெளியில் எடுக்கிறேன் என்றதும் மூன்று பதில் வரும். "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது." கேஷ்லெஸ் என்றால் ரிப்பேர் செலவை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது. காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்த சர்வீஸ் சென்டர் இருந்தால் கிடைக்கும், அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். "வாரண்டி போயிரும்." வாரண்டி வண்டிக் கம்பெனி தருவது, பாலிசியை எங்கே எடுத்தோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "அப்போ தள்ளுபடி கட்." இதுதான் உண்மையான மிரட்டல். உங்கள் தள்ளுபடி 10,000, வெளியில் எடுத்தால் மிச்சம் 15,900 என்றால் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கொட்டேஷனைக் காட்டினால் அவர்களே பிரீமியத்தை இறக்குவார்கள். எனக்கு 38,000 வரை இறங்கி வந்தார்கள். முதலிலேயே அந்த விலையைச் சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்டேன், பதில் இல்லை.

வெளியில் எடுக்க என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் உள்ள ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (இறுதி பில்லுக்கு முன் தரும் விலைத்தாள்) வேண்டும். அதைக் கொடுக்க இழுத்தடிப்பார்கள். மெயிலில் கேளுங்கள்.

இன்னும் இரண்டு சிறு விஷயம். ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் மறுபடி கட்ட வேண்டாம். அடுத்தது, பழைய காரை விற்றுவிட்டுப் புதுசு வாங்குபவர்கள் நோ க்ளெய்ம் போனஸை, அதாவது க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியை விடாதீர்கள். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. அதிகபட்சம் 50 சதவீதம் வரை சொந்த சேதப் பிரீமியத்தில் கழியும். பழைய நிறுவனத்திடம் சான்று வாங்கினால் 3 ஆண்டு வரை செல்லும். எந்த எக்ஸிகியூட்டிவும் இதைத் தானாக நினைவூட்டி நான் பார்க்கவில்லை.

6. கடன்

ஷோரூமுக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கையெழுத்துப் போடும் முன், உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ஒருமுறை கேளுங்கள். ஷோரூமில் கடன் எடுத்தால் அவர்களுக்கும் கமிஷன் உண்டு.

"வெறும் ஆறரை பெர்சன்ட்தான்" என்றால் ஃப்ளாட்டா, குறையும் நிலுவைக்கா என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி, மற்றதில் மீதியிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி. 6 லட்சத்தை 5 ஆண்டுக்கு ஆறரை சதவீத ஃப்ளாட்டில் வாங்கினால் வட்டி மட்டும் 1,95,000, மாதத் தவணை 13,250. இது உண்மையில் 11.7 சதவீத வட்டிக்குச் சமம். 2024 அக்டோபர் முதல் கார் கடன் போன்ற தனிநபர் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றை வங்கி கொடுத்தே ஆக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அதைப் பார்த்து ஒப்பிடுங்கள். கடனோடு சேர்த்து ஒரு ஆயுள் காப்பீட்டை நுழைத்திருக்கிறார்களா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். காலிப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

தேவைப்படும் தாள்கள்: ஆதார், பான், புகைப்படம், மூன்று மாதச் சம்பள ரசீது, படிவம் 16, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம். நகல் ஒவ்வொன்றிலும் "கார் கடனுக்காக மட்டும்" என்று குறுக்கே எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள்.

7. பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால்

எனக்கு இந்த அனுபவம் இல்லை, என் அத்தை மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழைய வண்டியைக் கொடுத்து ஆறு மாதம் கழித்து அவர் பெயருக்கு அபராதச் சலான் வந்தது. ஆர்.சி. மாறவே இல்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வழி இருக்கிறது. அதன் நகலும், தேதியும் நேரமும் போட்ட ஒப்படைப்புக் கடிதமும் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வெளியில் என்ன விலைக்குப் போகும் என்றும் முன்பே விசாரித்து வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று கொடுப்பதைப் பழைய வண்டியின் விலையில் பிடித்துவிடுவார்கள்.

8. பதிவுக்கு முன் வண்டியை நேரில் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முழுப் பணம் கட்டும் முன், பதிவுக்கு அனுப்பும் முன், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் நம்பரை வாங்கி, ஸ்டாக்யார்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். "அங்க கஸ்டமரை விடுறது இல்ல" என்றார்கள். அப்படியென்றால் ஷோரூமுக்குக் கொண்டுவாருங்கள், பார்த்த பிறகு மீதிப் பணம் என்றேன். இரண்டு நாள் கழித்து அனுமதி கிடைத்தது.

ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கம்பி வேலி போட்ட ஒரு பொட்டல். வரிசையாக ஐம்பது, அறுபது வண்டி. எனக்கு ஒதுக்கியது கடைசி வரிசையில் வேப்பமரத்தடியில் நின்றது. மேலே காய்ந்த பறவை எச்சம், வைப்பர் இடுக்கில் மக்கிய வேப்பிலை. ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. பேட்டரி இறங்கிப்போய், இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் போட்டுத்தான் கிளப்பினார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருந்தது: 3824. 2024-இன் 38-ஆவது வாரம், அதாவது செப்டம்பரில் செய்த டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதம் அக்டோபர் 2024 என்று இருந்தது. நாங்கள் நின்றது 2025 ஜூனில்.

"வண்டி ஓடவே இல்லையே மேடம், புதுசுதானே" என்றார் எக்ஸிகியூட்டிவ். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பதிவாகும். நாளைக்கு விற்கப் போனால் அது 2024 வண்டி. அந்த விலை வித்தியாசத்தை யார் தருவார்கள்? எட்டு மாதம் நின்ற பேட்டரிக்கும் டயருக்கும் யார் பொறுப்பு? வேறு வண்டி கொடுங்கள் அல்லது புக்கிங் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அங்கேயே நின்றுகொண்டு மெயில் போட்டேன். ஸ்டிக்கர், டயர் இரண்டின் படத்தையும் இணைத்தேன். பன்னிரண்டு நாளில் மே மாதம் தயாரான வண்டி வந்தது.

தயாரிப்புத் தேதியைக் கண்டுபிடிக்க மூன்று வழி. கதவுத் தூணிலோ என்ஜின் அறையிலோ உள்ள தகடு அல்லது ஸ்டிக்கர். டயரின் நான்கு இலக்கம், முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். மூன்றாவது, 17 எழுத்துள்ள சேசிஸ் நம்பர். பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது இடத்தில் உள்ள ஆங்கில எழுத்து ஆண்டைக் குறிக்கும். 'ஆர்' என்றால் 2024, 'எஸ்' என்றால் 2025. மாதத்துக்கான குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் ஸ்டிக்கரையே நம்புங்கள். இரண்டு, மூன்று மாதம் பழையது என்றால் சாதாரணம்தான். அதற்கு மேல் என்றால் மறுக்கலாம், இல்லை தெரிந்தே எடுப்பதாக இருந்தால் நல்ல தள்ளுபடியை எழுத்தில் வாங்கலாம்.

பகல் வெளிச்சத்தில் போங்கள், மழை நாளிலும் சாயங்காலத்திலும் வேண்டாம். வண்டியைக் கழுவச் சொல்லி, ஈரம் காய்ந்த பிறகு பாருங்கள். ஒரு பக்கமாகக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் பெயிண்ட் வேறுபாடு தெரியும். பம்பர், கதவு, பானட் இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பானட்டையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். லாரியிலிருந்து இறக்கும்போது இடித்து, சத்தமில்லாமல் சரிசெய்து விற்கும் வண்டிகள் உண்டு. ஓடோமீட்டர் நூறைத் தாண்டியிருந்தால் டெஸ்ட் டிரைவுக்கு ஓடிய வண்டியாக இருக்கலாம். விளக்கு, ஏசி, கண்ணாடி ஏற்றி இறக்குவது, ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு சாவி எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், வண்டி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். முடிந்ததும் சேசிஸ் நம்பர் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவாகும் வண்டி அதேதானா என்று பின்னால் ஒப்பிட வேண்டும்.

9. மீதிப் பணமும் டெலிவரி நாளும்

மீதியை வங்கி வழியாகவே கட்டுங்கள். ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. "ரொக்கமா கொடுத்தா குறைச்சுத் தர்றோம்" என்றால் அந்தப் பணத்துக்குப் பில் இருக்காது.

தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு இல்லாமல் வண்டியை ஒப்படைக்கவே கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி 42. "நம்பர் வர ஒரு வாரம் ஆகும், நீங்க ஓட்டிட்டுப் போங்க" என்று சொன்னால் போகாதீர்கள். வழியில் ஏதாவது நடந்தால் மாட்டுவது நீங்கள்.

டெலிவரி அன்று வண்டியைச் சிவப்புத் துணியால் மூடி, ரிப்பன் கட்டி வைத்திருப்பார்கள். வீட்டில் எல்லாரும் நல்ல உடுப்பில் வந்திருப்பார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கையில் தேங்காய், கேக், கைத்தட்டல், போட்டோ. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு ஃபைலை நீட்டி "இதுல பதினைஞ்சு இடத்துல சைன் மேடம்" என்பார்கள். அம்மா தேங்காயோடு நிற்கும்போது யாருக்குப் படிக்க மனம் வரும்? அதனால் கையெழுத்து வேலையை முந்தின நாளே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த ஃபைலில், போடாத ஆக்சசரீஸைப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாள் இருந்தது. அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியோடு கையெழுத்துப் போட்டேன்.

கையில் வாங்க வேண்டியவை: வரி இன்வாய்ஸ், படிவம் 21 என்கிற விற்பனைச் சான்று, படிவம் 22 என்கிற தகுதிச் சான்று, லைஃப் டாக்ஸ் ரசீது, பாலிசி, கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, வாரண்டிப் புத்தகம், இரண்டு சாவி. ஆர்.சி. வந்ததும் அரசின் பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, தயாரிப்பு மாதமும் சேசிஸ் நம்பரும் நீங்கள் எடுத்த படத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

10. ஏமாந்துவிட்டால்

முதலில் ஷோரூம் பொது மேலாளருக்கும் வண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மெயில். கோபப்பட்டு எழுதாதீர்கள். தேதி, தொகை, இணைப்பு, என்ன வேண்டும் என்பது மட்டும் போதும். ஏழு நாள் கெடு கொடுங்கள். எனக்கு ஹேண்ட்லிங் தொகை 8,500 இந்த மெயிலுக்குப் பிறகுதான் கொட்டேஷனிலிருந்து போனது.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதித் தந்த எண்ணைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடையது இன்னும் ஆர்.சி.யோடு ஒரே கவரில் இருக்கிறது.